கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு வரைபடம்

திருவான்மியூர் தாண்டி மாமல்லபுரம் போகிறவர் கண்ணில் படுவதெல்லாம் ஓட்டல் பலகைகளும் ரிசார்ட் வாசல்களும்தான். கலைஞர்கள் இருக்கும் இடம் தேடினால்தான் கிடைக்கும். 40 சொச்சம் கிலோமீட்டருக்குள் இத்தனை விதமான கைவேலை சேர்ந்திருக்கும் சாலை தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கலைஞர்களுக்கான இணையதளத்தையும் வரைபடத்தையும் மாற்றியமைக்க வடிவமைப்பு மாணவர் குழு ஒன்று கிளம்பியது, நானும் ஒட்டிக்கொண்டேன். பழைய வரைபடத்தில் நடனம் சிவப்பு, ஓவியம் நீலம், கைவினை பச்சை. பார்க்க நேர்த்திதான். கலாக்ஷேத்ராவிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய நாட்டியப் பள்ளி என்று சிவப்புப் புள்ளி வைத்தாயிற்று. சரி, அங்கே நெய்கிற பட்டுச் சேலைக்கும் கலம்காரிக்கும் என்ன நிறம்?

ஈஞ்சம்பாக்கத்தில் இன்னும் வம்பு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியத்தை மட்டும் நம்பி யாரும் அடுப்பெரிக்க முடியாத நிலை. பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருளும் விற்ற காசு கைகொடுத்தது. மெழுகுச் சட்டி ஒரு பக்கம், கித்தான் இன்னொரு பக்கம். சென்னை ஓவிய இயக்கம் என்று இன்று அருங்காட்சியகத்தில் மாட்டியிருப்பதற்குப் பின்னால் அந்தத் துணி வியாபாரம் இருக்கிறது. நீலமா, பச்சையா? வண்ணப் பிரிவே வேண்டாம் என்று குழு கைவிட்டது. எனக்கு அதுதான் சரியென்று பட்டது.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து எழுப்பிய வளாகம், 1996-ல் திறந்தது. பலருக்கும் தெரிந்த இடம் என்பதால் மாணவர்கள் அங்கே அதிகம் நிற்கவில்லை.

மாமல்லபுரத்தில் கண்ணுக்கு முன் காதுதான் வேலை செய்யும். உளிச் சத்தத்தைக் கட்டிங் மெஷின் பாதி விழுங்கிவிட்டது. வெள்ளைத் தூசி படிந்த தலைகள். 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர்களும், அப்பாவிடம் கற்றவர்களும் அடுத்தடுத்த பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கருங்கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கும். அதைக் கரியுலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துத் தர ஒரு கொல்லர் வேண்டும். அவர் எந்த வரைபடத்திலும் இல்லை.

“அண்ணே, உங்க கடை நேரம் என்னன்னு போடலாம்?” என்றாள் ஒரு மாணவி.

“கடையா? இது உலைம்மா. வர்றவங்க வாங்கிட்டுப் போக இங்க என்ன இருக்கு? பாக்கணும்னா காலைல வரச்சொல்லு.”

‘உளி காய்ச்சும் உலை, காலையில்’ என்று குறித்துக்கொண்டாள்.

புது வரைபடத்தில் அளவுகோல் இல்லை. சாலை மேலிருந்து கீழாக ஒரே கோடு, வலப்பக்கம் கடல், இடைவெளிகளைச் சுருக்கிவிட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ‘பார்க்கலாம், கற்கலாம், வாங்கலாம்’ என்ற குறிகளில் பொருந்துவது மட்டும். இணையதளம் முதலில் தமிழில் திறக்கிறது. பட்டறைக்காரரே கைபேசியில் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். படிப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் தளத்தின் கடவுச்சொல்லை யார் வைத்துக்கொள்வது என்பது மட்டும் இன்னும் தீராத பேச்சு. சிற்பிகள் சங்கத்தின் தலையில் கட்டலாம் என்கிறார்கள். சிற்பிகளோ, ஓவியர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள்.