அவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது டீச்சர்?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். வயது 70. கணவர் இல்லை. மகனுக்கு 41. டவுன் சிண்ட்ரோம். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் பிறவியிலேயே வருவது. யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல.

எத்தனையோ வருடமாக அவரைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி எப்படிக்கா இருக்கான்?" என்று கேட்பேன். "நல்லா இருக்கான் டீச்சர்" என்பார். அத்துடன் நகர்ந்துவிடுவேன்.

போன மாதம் பால் வாங்க வந்தவர் வாசற்படி தெரியாமல் தடுமாறினார். கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் புரையாம். ஆபரேஷன் செய்யச் சொல்லி இரண்டு வருடம் ஆகிவிட்டதாம்.

"ஏங்க்கா போகலை?"

"அவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது டீச்சர்?"

நாலு வீடு தள்ளி, பென்ஷன் வாங்கிக்கொண்டு காலை முழுக்கப் பேப்பர் படிக்கிறவள் நான். வெட்கமாக இருந்தது.

தேதி குறித்தோம். தங்கை மகள் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான் தம்பியோடு இருந்தேன். துணிகளை என்னைவிட நேர்த்தியாக மடித்தான். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்குப் போய், "அம்மா எங்க?" என்றான். ஐந்து மணி நேரத்தில் நான் களைத்துவிட்டேன். அக்காவுக்கு 41 வருடம்.

கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அந்த நாட்களில் அவனுக்கு ஷேவ் செய்துவிட்டது எங்கள் வீட்டுக்காரர். ஒரு மாலை, "அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாத் தூங்கி ரொம்ப நாளாச்சு டீச்சர். எனக்கப்புறம் இவன் என்ன செய்வான்னு முழிச்சிக்கிட்டே கிடப்பேன்" என்றார்.

1983இல் அமெரிக்காவிலேயே இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று அங்கே 60ஐத் தொட்டிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் பிள்ளைக்கு வயது கூடும்போது தாய்க்கும் கூடுகிறதே! இவர்களுக்கு மறதி நோயும் மற்றவர்களைவிட முன்னதாகவே வரக்கூடும். தாயின் கைப்பலம் குறையும் நேரத்தில் வேலை கூடுகிறது.

அவர் கேட்டதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒரு பகுதி சட்டத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடுள்ள 18 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தங்கை மகள் சம்மதித்திருக்கிறாள். என் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள். மனு எழுத யாராவது ஒருவர் வாருங்கள். காபி என் பொறுப்பு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் இப்படி ஓர் அம்மா இருப்பார். அறிவுரை வேண்டாம், "நீங்க தெய்வம்மா" என்ற புகழ்ச்சியும் வேண்டாம். "ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லுங்கள். முதலில் மறுப்பார். மறு வாரமும் போங்கள்.

அடுத்த கண்ணுக்குத் தேதி குறித்தாயிற்று. அன்று தம்பி எங்கள் வீட்டில்தான். எங்கள் வீட்டுத் துணிகளையும் மடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்