பரங்கிக்காய் மிதக்குமா?

பதிமூன்று பவுண்டு எடையுள்ள ஒரு முழுப் பரங்கிக்காயைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மிதக்குமா, மூழ்குமா? மனசுக்குள் ஒரு பதிலை முடிவுபண்ணிக்கொண்டு மேலே படியுங்கள். பதிமூன்று பவுண்டு என்றால் கிட்டத்தட்ட ஆறு கிலோ. அவசரப்படாதீர்கள்.

2023 அக்டோபர் கடைசியில், சிகாகோவுக்கு வெளியே ஒரு புறநகர்ப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று என் பேத்தி. பத்தொன்பது பேர் 'மூழ்கும்' என்ற பக்கம் பெயர் எழுதினார்கள். நாலு பேர்தான் 'மிதக்கும்'. எனக்கு ஓட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் வாலன்டியர்.

முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனை மகள் வீட்டில் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். டி.வி. ரிமோட்டோடு சண்டை போடுவேன். "அப்பா, அவ ஸ்கூல்ல ஹெல்ப்புக்கு ஆள் கேட்கிறாங்க, நீங்க போறீங்களா?" என்று மகள் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவ்வளவு சுலபம் இல்லை. முன்கூட்டியே படிவம் நிரப்பி, அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, நெஞ்சில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்ட பிறகுதான் வகுப்புக்குள் விட்டார்கள். பேத்தி "தாத்தா!" என்று கத்தினாள். அதுதான் என் பெயர் என்று வகுப்பே முடிவு செய்துவிட்டது. ஆசிரியை மட்டும் மரியாதையாக 'மிஸ்டர் தாத்தா'.

அக்டோபர் வந்தால் அமெரிக்க ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பாடமும் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. கூட்டல் கணக்கில் வௌவால், எழுத்துப் பயிற்சியில் சிலந்தி, அறிவியலில் எலும்புக்கூடு. சிலந்திக்கு எட்டுக் கால், ஆகவே அது பூச்சி இனம் இல்லை. வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும், ஆகவே பறவை இல்லை. பெரியவர்களுக்கு 206 எலும்பு. பிள்ளைகளுக்குப் பயமுறுத்தும் சாமான் என்றால் தனி ருசி. அந்த ருசியில் பாடத்தைத் தடவிக் கொடுத்துவிடுகிறார்கள், நாம் மாத்திரையை வாழைப்பழத்தில் வைக்கிற மாதிரி.

எல்லாம் அக்டோபர் 31 ஹாலோவீனுக்காக. வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள். அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள், இங்கே பரங்கிக்காய் மலிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். டர்னிப்பைக் குடைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை கல் மாதிரி இருக்குமென்று. பரங்கி ஜெயித்துவிட்டது.

பரங்கி அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். நம் ஊருக்கு அதுதான் விருந்தாளி. மஞ்சள் பூசணி என்பார்கள், கோவைப் பக்கம் அரசாணிக்காய். 'பரங்கி' என்ற பெயரிலேயே கப்பலில் வந்த கதை இருக்கிறது. அமெரிக்காவில் மற்ற எந்த மாநிலத்தையும்விட அதிகமாகப் பரங்கி விளைவது நான் உட்கார்ந்திருந்த இல்லினாய்ஸ் மாநிலத்தில்தான். அங்கே மார்ட்டன் என்கிற சின்ன ஊர், 'உலகப் பரங்கித் தலைநகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 2015-ல் பரங்கிக்காய் பையை மாநிலத்தின் அதிகாரபூர்வமான பலகாரமாகவே சட்டம் போட்டு அறிவித்தார்கள். நம் சட்டசபை இன்னும் இட்லிக்கு அந்த கௌரவத்தைக் கொடுக்கவில்லை.

முதல் வாரம் இலைப் பாடம். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்து மேப்பிள் மரத்திலிருந்து பச்சை இலைகளைப் பறித்து வந்தார்கள். அதைச் சின்னதாகக் கிழித்து, கண்ணாடி டம்ளரில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி நசுக்கி, டம்ளரைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினோம். ஸ்பிரிட் வேலை எல்லாம் பெரியவர்கள் கையில். காபி ஃபில்டர் காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, நுனி மட்டும் நனைகிற மாதிரி தொங்கவிட்டாயிற்று. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து பார்த்தால், காகிதத்தில் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடு. அதாவது மஞ்சள் புதிதாக வரவில்லை. கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தது. பச்சையம் அதை மூடி வைத்திருந்தது. பகல் குறையக் குறைய மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்துகிறது, இருக்கிற பச்சை சிதைகிறது, உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு கதை. அது இலையில் மிச்சமிருக்கும் சர்க்கரையை வைத்து மரம் கடைசி நேரத்தில் தயாரிக்கிற சாயம்.

இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டும் தெருமுனை வாதா மரத்து இலையும் போதும். அதுவும் சிவந்துதான் உதிர்கிறது. அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கடைசி வாரம் பரங்கி. நாலு பேருக்கு ஒன்று என்று ஆறு காய். முதலில் எடை. பாத்ரூம் தராசில் காயை வைத்தால் முள்ளே தெரியவில்லை, காய் மறைத்துவிடுகிறது. என்ன செய்வது என்று பிள்ளைகளையே கேட்டார் ஆசிரியை. ஒரு பெண் சொன்னாள்: "யாராவது அதைத் தூக்கிக்கிட்டு நிக்கட்டும்." யாருடைய எடையைப் போர்டில் எழுதுவது? ஆசிரியை தன்னுடையதைத் தரமாட்டார். எல்லாக் கண்களும் மிஸ்டர் தாத்தா மேல். காய் இல்லாமல் 158. காயோடு 171. கழித்தலில் கடன் வாங்கி வந்தது விடை, 13. ஆறு காய்க்கும் ஆறு தடவை ஏறி இறங்கினேன். அன்று சாயங்காலம் முதுகுக்குத் தைலம்.

அடுத்தது நூல். காயைத் தொடாமல், கண்ணால் பார்த்தே, அதன் இடுப்பைச் சுற்ற எவ்வளவு நூல் வேண்டுமோ அவ்வளவு வெட்ட வேண்டும். பிறகு சுற்றிப் பார்த்து, 'நீளம்', 'குட்டை', 'சரி' என்று மூன்று தலைப்பின் கீழ் ஒட்ட வேண்டும். பாதிக்கு மேல் 'குட்டை'யில் போய்த் தொங்கியது. வட்டத்தின் சுற்றளவைக் கண் பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடும். நான் ஏழாம் வகுப்பில் பை என்றும் இருபத்திரண்டு பை ஏழு என்றும் போர்டில் எழுதித் தொண்டை வறண்டதை, இங்கே ஏழு வயதுக் கைகள் ஒரு முழ நூலில் பிடித்துக்கொண்டிருந்தன.

இப்போது அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஒல்லி, அதிகம் பேசமாட்டான். அவன் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள். அவர்கள் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை, பிறந்த நாளும் கிடையாது. முதல் வகுப்பில், அக்டோபர் 31 அன்று அவனை நூலகத்தில் ஒரு புத்தகத்தோடு உட்கார வைத்தார்களாம். அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கே அனுப்பவில்லை. இந்த ஆசிரியை செப்டம்பரிலேயே அவன் அம்மாவுக்குப் போன் பண்ணி, "எது சரி, எது வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். பரங்கிக்காய் காய்தானே, பரவாயில்லை என்றாராம் அம்மா. ஆனால் அதற்கு முகம் வெட்டக்கூடாது, பேய், வேஷம், பார்ட்டி வேண்டாம்.

ஆசிரியை அன்றைய நாளை இரண்டாக வெட்டினார். காலை முழுக்கப் பரங்கிக் கணக்கு, முகம் கிடையாது. இரண்டே கால் மணிக்கு வேஷ ஊர்வலம். பையனை அவன் அம்மா ஒன்றே முக்காலுக்கு வந்து அழைத்துப் போவார்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. வழக்கமாக அன்று காலையிலேயே முகம் வெட்டி, மெழுகுவத்தி வைத்து, கேக் தின்று அமர்க்களப்படுமாம். ஒரு அப்பா வராந்தாவில் கேட்டேவிட்டார்: "ஒரு பையனுக்காக இருபத்திரண்டு பேர் சந்தோஷத்தைக் கெடுப்பதா?" கோபக்காரர் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகளுக்கு அட்டைப்பெட்டியில் ராக்கெட் உடை செய்தவர். கேள்வியில் நியாயம் இருந்தது. சில ஊர்ப் பள்ளிகளில் இந்த வம்பே வேண்டாம் என்று ஹாலோவீனை மொத்தமாக நிறுத்திவிட்டு 'இலையுதிர் கால விழா' என்று பெயர் மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. அதே சமயம், ஏழு வயசுப் பையனைத் தனியாக நூலகத்தில் உட்கார வைப்பதும் ஒரு தீர்வா?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சரஸ்வதி பூஜையன்று ஒரு பெண் மட்டும் வாசலோடு நின்றுகொள்வாள். வேறு மதம். தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பள்ளி மணியை அடிக்கிற வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார். மணி அடிப்பதற்கு அந்த வயதில் பிள்ளைகள் எதையும் கொடுப்பார்கள். பூஜை நடந்தது, அவளும் நாள் முழுக்க முக்கியமான ஆளாக நடந்தாள்.

ஆசிரியை வராந்தாவில் அந்த அப்பாவிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். "உங்கள் மகளின் ராக்கெட் எங்கேயும் போகாது. இரண்டே கால் மணிக்குப் பறக்கும். காலையில் மட்டும் எனக்குக் கணக்குக்கு எல்லாரும் வேண்டும்." அப்பா தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். ஒத்துக்கொண்டாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

காலையில் தொட்டி வந்தது. ஆசிரியை காயை மெல்லத் தண்ணீரில் விட்டார். ஒரு நொடி அமுங்கியது, அப்புறம் எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சொகுசாக மிதந்தது. பத்தொன்பது பேரும் 'நோ!' என்று அலறினார்கள். ஏன் என்று அறுத்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே நார், விதை, மற்றபடி வெறும் காற்று. எடை முக்கியமில்லை, எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு அந்த எடை என்பதுதான் முக்கியம். ஆர்க்கிமிடீஸ் பெயரை யாரும் சொல்லவில்லை, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் விதை எண்ணுகிற படலம். முழங்கை வரை நார், வழவழப்பு, ஒரே கூச்சல். பெரிய காயில்தான் நிறைய விதை என்று எல்லாருக்கும் சந்தேகமே இல்லை. எல்லா மேஜையிலும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, நூற்று நாற்பதைத் தாண்டியதும் யாராவது தும்ம, மறுபடி ஒன்று. ஜன்னலோர மேஜையில் மட்டும் சத்தமே இல்லை. நம் பையன் கேக் செய்கிற காகிதக் கிண்ணங்களை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பத்து விதை போட்டு, பத்துக் கிண்ணத்தை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். தட்டு என்றால் நூறு. இடம், மதிப்பு என்று நான் வருஷா வருஷம் கத்தியது அந்த மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்று பேரும் அவன் சொல்கிறபடி விதை துடைத்துக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி ராக்கெட்.

இருப்பதிலேயே சின்னக் காய் அவர்களுடையது. 538 விதை. இருப்பதிலேயே பெரிய காயில் 367. 'ஏமாத்து!' என்று கூப்பாடு. மறுபடி எண்ணச் சொன்னார் ஆசிரியை. பையன் அசராமல் தட்டுத் தட்டாகக் காட்டினான். இந்தத் தடவை 537. காணாமல்போன ஒன்று என் ஷூவுக்கு அடியில் ஒட்டியிருந்தது. மற்ற மேஜைக்காரர்கள் கிண்ணம் கேட்டு அவனிடம் வந்தார்கள்.

ஒன்றே முக்காலுக்கு அவன் அம்மா வந்தார். ஆசிரியை கையில் ஒரு சின்னப் பை விதையைக் கொடுத்து, உப்புப் போட்டு வறுக்கச் சொன்னார். ஊர்வலம் நடந்தபோது வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. தேவதைகளும் எலும்புக்கூடுகளும் ஜாக்கெட்டுக்குள் போய்விட்டார்கள். ராக்கெட்டுக்கு மட்டும் ஜாக்கெட் நுழையவில்லை.

நவம்பரில் ஒரு காயைக் கண்ணாடித் தொட்டியில் மண்ணோடு வைத்து, அது அழுகுவதைப் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். வெள்ளைப் பூஞ்சை, கறுப்புப் பூஞ்சை, பிறகு காய் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. குறிப்பேட்டுக்குப் பொறுப்பு நம் பையன். தினமும் ஸ்கேல் வைத்து உயரத்தை அளந்து எழுதுவான். ஜனவரியில் எனக்கு விசா முடிந்தது, கிளம்பிவிட்டேன்.

ஏப்ரலில் பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். "தாத்தா, பம்ப்கின் முளைச்சிருச்சு! லெவன்!" பதினொரு முளை. பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒரு கிண்ணம் ரொம்பிடுச்சாம், ஒண்ணு மிச்சமாம்.