கல்லே, உன் ஊர் எது?

நுழையும்முன்

அறிமுகமில்லாத ஒருவர் வாசலுக்கு வந்தால், அவருடைய ஊரைக் கேட்பதும் பேரைக் கேட்பதும் நம் வழக்கம். மனிதர் விடை சொல்லிவிடுவார். வாயில்லாத கல்லிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? பிறந்த மலை தேய்ந்தழிந்து, சுமந்து வந்த ஆறும் மறைந்து, பல கோடி ஆண்டுகள் கடந்த பின்னும் ஒரு கூழாங்கல் தன் ஊரைச் சொல்லுமா? அவ்வாறு சொல்ல வைத்த ஒரு தேடலை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லுக்குள் கல்

மலையிலிருந்து உடைந்து விழும் பாறைத் துண்டு கூர்மையான முனைகளை உடையது. ஆறு அதனை இழுத்துச் செல்கிறது. பிற கற்களோடு மோதியும் மணலில் உரசியும் அதன் முனைகள் மழுங்குகின்றன. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பது பழமொழி. எறும்பே கல்லைத் தேய்க்குமாயின் ஆற்றின் வலிமையைச் சொல்ல வேண்டுவதில்லை. நெடுந்தொலைவு உருண்ட கல் வழவழப்பான கூழாங்கல்லாகிறது.

வெள்ளத்தின் வேகம் குறையும் இடத்தில் கூழாங்கற்கள் குவிகின்றன. அவற்றின் இடைவெளியை மணலும் வண்டலும் நிரப்புகின்றன. அவற்றின்மேல் அடுத்தடுத்த படிவுகள் ஏறுகின்றன. நிலத்தடி நீர் கொண்டுவரும் சுண்ணமும் சிலிக்காவும் இரும்புச் சேர்மங்களும் சாந்துபோல் அமைந்து அனைத்தையும் பிணைக்கின்றன. இவ்வாறு உருவாகும் படிவுப்பாறையைத் திரள்பாறை என்பர்.

திரள்பாறையைப் பற்றிய முதல் உண்மை எளிமையானது. உள்ளே இருக்கும் கல், தன்னைத் தாங்கியிருக்கும் பாறையைவிட மூத்தது. சுவருக்கு முன்பே செங்கல் இருந்தாக வேண்டும் அன்றோ? ஆகவே ஒவ்வொரு திரள்பாறையும் இரு காலங்களின் கதையைத் தன்னுள் கொண்டுள்ளது. ஒன்று, கற்கள் ஒன்றுசேர்ந்த காலம். மற்றொன்று, அக்கற்கள் பிறந்த காலம்.

டெவன் கடற்கரையில்

இங்கிலாந்தின் தென்கரையில் டெவன் பகுதியில் பட்லி சால்டர்ட்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள செந்நிறக் கடற்குன்றில் ஏறத்தாழ 20 முதல் 30 மீட்டர் தடிமனுள்ள திரள்பாறை அடுக்கு வெளிப்பட்டு நிற்கிறது. அதன் சாந்து வலுவற்றது. மழையும் அலையும் அரிக்க அரிக்கக் கற்கள் உதிர்ந்து கரையெங்கும் பரவுகின்றன. தட்டையான முட்டை வடிவம் கொண்ட அக்கற்களுள் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையால் ஆனவை. சாம்பல் நிறமும் ஈரல் நிறமும் அவற்றுக்கு உண்டு. சிலவற்றின் மேற்பரப்பில் பிறைவடிவத் தழும்புகள் காணப்படுகின்றன. அவை, பெருவெள்ளத்தில் கல்லோடு கல் மோதிய அடையாளங்கள்.

இத்திரள்பாறை டிரையாசிக் காலத்தைச் சேர்ந்தது. அதாவது, 24 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அக்காலத்தில் டெவன் நிலநடுக்கோட்டிற்குச் சற்று வடக்கே, ஒரு பெருங்கண்டத்தின் உட்பகுதியில், வெப்பமான வறண்ட நிலமாக இருந்தது. இரும்புத் துரு ஏறிய செந்நிற மணல் அவ்வறட்சிக்குச் சான்று. திரள்பாறைக்கு மேலேயுள்ள மெல்லிய அடுக்கில், மணற்காற்று அறைந்து பட்டை தீட்டிய கற்களும் கிடைக்கின்றன. மலைகளில் பெய்த மழை, வெள்ளமாகப் பாய்ந்து வறண்ட சமவெளியில் இக்கற்களைக் கொட்டியது.

கல்லுக்குள் இருந்த ஓடு

எக்சிடர் நகரைச் சேர்ந்த வில்லியம் விக்காரி இக்கற்களை உடைத்து ஆராய்ந்தார். சில கற்களுக்குள் தொல்லுயிர்ப் படிவங்கள் இருந்தன. பார்ப்பதற்குச் சிப்பி போன்ற, ஆனால் சிப்பி இனத்தைச் சேராத, பிராக்கியோபாடு என்னும் கடலுயிரிகளின் ஓட்டுப் பதிவுகள் அவற்றுள் இருந்தன.

வறண்ட நிலத்து ஆற்றுப் படிவில் கடலுயிரி எவ்வாறு வந்தது? அவ்வுயிரி அந்த ஆற்றில் வாழ்ந்ததன்று. கல் கூழாங்கல்லாவதற்கு நெடுங்காலம் முன்பே, அது ஒரு கடலடி மணலாக இருந்தபோது அதில் புதைந்தது. பின்னர் அம்மணல் இறுகிப் பாறையாகி, மலையாக உயர்ந்து, உடைந்து, ஆற்றில் உருண்டது. எனவே அந்த ஓடு, கல்லின் பிறப்பிடத்தைக் காட்டும் முத்திரை.

விக்காரியின் ஆய்வுரை 1864இல் வெளிவந்தது. அதனுடன், தொல்லுயிர் ஆய்வாளர் ஜான் வில்லியம் சால்டர் எழுதிய குறிப்பும் இடம்பெற்றது. இப்படிவங்கள் பிரிட்டனில் அதுவரை நன்கறியப்பட்ட படிவங்களோடு பொருந்தவில்லை; கடலுக்கு அப்பால் பிரான்சின் நார்மண்டிப் பாறைகளில் உள்ளவற்றோடு ஒத்திருந்தன. தாமஸ் டேவிட்சன் 1870இல் இப்பிராக்கியோபாடுகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். எல்லாக் கற்களும் ஒரே காலத்தவை அல்ல என்பதும் தெளிவாயிற்று. சில, இன்று ஆர்டோவிசியன் எனப்படும் காலத்தவை. வேறு சில, அதற்குப் பிற்பட்ட டெவோனியன் காலத்தவை. மூத்த கற்கள் 45 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

ஐயமும் தெளிவும்

‘கற்கள் பிரான்சிலிருந்து வந்தன’ என்று உடனே முடிவு செய்துவிடலாமா? முகச்சாயலை மட்டும் கொண்டு ஒருவரின் ஊரைச் சொல்லிவிட இயலாது. அறிஞர்கள் முன் மூன்று ஐயங்கள் நின்றன.

முதலாவது ஐயம், இடையில் இருக்கும் கடலைப் பற்றியது. பிரிட்டனியின் வடகரை பட்லி சால்டர்ட்டனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. ஆறு கடலைக் கடந்து கற்களைக் கொண்டுவராது. ஆனால் டிரையாசிக் காலத்தில் ஆங்கிலக் கால்வாய் தோன்றியிருக்கவில்லை. இரு கரைகளும் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்தன. தெற்கே உயர்ந்த மலைத்தொடர் நின்றது. அங்கிருந்து ஆறு வடக்கு நோக்கிப் பாய்வதற்குத் தடையில்லை.

இரண்டாவது ஐயம், அண்டை நிலத்தைப் பற்றியது. டெவனுக்கு மேற்கேயுள்ள கார்ன்வாலிலும், கோரன் என்னும் பகுதியில், ஆர்டோவிசியன் காலத்துக் குவார்ட்சைட் உள்ளது. அதிலும் பிரான்சை நினைவூட்டும் படிவங்கள் உண்டு. கற்கள் அங்கிருந்து வந்திருக்கக் கூடாதா? இவ்வினா நியாயமானது. ஆனால் அங்கு வெளித்தெரிவன சிதறிய பாறைத் துண்டங்களே. இத்தனை கற்களை வழங்கப் பெரும் பாறைத்திரள் வேண்டும். பிரிட்டனியிலும் நார்மண்டியிலும் அத்தகைய தடித்த குவார்ட்சைட் அடுக்குகள் உள்ளன.

மூன்றாவது ஐயம் நுட்பமானது. கடினமான கல் ஒருமுறை மட்டுமே பயணம் செய்யும் என்பதில்லை. ஒரு திரள்பாறையில் தங்கி, அது சிதைந்தபின் மீண்டும் ஆற்றில் உருண்டு, மற்றொரு திரள்பாறையில் சேரலாம். அப்போது கல் இறுதியாகப் புறப்பட்ட இடமும் முதலில் பிறந்த இடமும் வேறுவேறாகும். மென்மையான கற்கள் வழியிலேயே பொடியாகிவிடுவதும் கருதத்தக்கது. வந்து சேர்ந்தவை வலியவை மட்டுமே. குவியலில் குவார்ட்சைட் மிகுதி என்பதால், பிறந்த மலை முழுதும் குவார்ட்சைட்டே என்று கொள்ளுதல் பிழையாகும்.

ஆகவே ஒரு சான்றை மட்டும் நம்பாமல் பல சான்றுகளை ஒப்பிட்டனர். ஓடும் நீர் தட்டைக் கற்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கும். அச்சாய்வு, நீர் வந்த திசையைக் காட்டும். மணலடுக்குகளின் சரிவும் அதனை உறுதிப்படுத்தும். பட்லி சால்டர்ட்டனில் இவை நீர் தெற்குப் புறத்திலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்ததைக் காட்டின. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பர்மிங்காமைச் சுற்றியுள்ள டிரையாசிக் படிவுகளிலும் இதே ஈரல் நிறக் கற்கள் கிடைத்தன. நெடுந்தொலைவு ஓடிய அப்பேராற்றுக்கு, லெனார்டு வில்ஸ் என்னும் புவியியலறிஞர் ‘பட்லியென்சிஸ்’ என்று பெயரிட்டார். ஆறு மறைந்த பின்னர் அதற்குக் கிடைத்த பெயர் அது!

பெரும்பாலான கற்கள் பிரிட்டனியிலிருந்தோ, அதனோடு தொடர்ந்திருந்து இன்று கால்வாய்க்கு அடியில் கிடக்கும் நிலத்திலிருந்தோ வந்தவை என்பதே இச்சான்றுகள் இட்டுச்செல்லும் முடிவு. ஆனால் கருநிற டூர்மலின் நிறைந்த சில கற்கள், தென்மேற்கு இங்கிலாந்தின் கிரானைட்டை ஒட்டிய பாறைகளை நினைவூட்டுகின்றன. பல கிளையாறுகள் சேர்ந்த பேராற்றில் பல ஊர்க் கற்களும் கலந்திருப்பது இயல்பே.

தெரிந்து தெளிவோம்

படிவங்கள் இல்லாத கற்களின் பிறப்பை அறியச் சிர்கான் என்னும் கனிமம் உதவுகிறது. அது படிகமாகும்போது சிறிதளவு யுரேனியத்தை ஏற்கிறது. யுரேனியம் அறிந்த வேகத்தில் காரீயமாக மாறுவதால், இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டு வயதைக் கணிக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைமையுள்ள உருமாறிய திரள்பாறையிலிருந்து கிடைத்த ஒரு சிர்கான் மணியின் வயது 440 கோடி ஆண்டுகள் என 2001இல் அறிவிக்கப்பட்டது. அது பிறந்த பாறை இன்று எங்கும் காணப்படவில்லை.

இடம் மாறினால் மொழி மாறும்

கூழாங்கற்களின் பயணம் இன்னும் முடியவில்லை. குன்றிலிருந்து உதிர்ந்த பட்லி கற்கள் அலைகளால் கிழக்கே அடித்துச் செல்லப்பட்டு, செசில் கடற்கரையிலும் கலந்துள்ளன. கடலடி மணலாக இருந்தது, மலையாகி, ஆற்றுக் கல்லாகி, திரள்பாறையாகி, மீண்டும் கடலைச் சேர்ந்திருக்கிறது.

பட்லி சால்டர்ட்டனை உள்ளடக்கிய கடற்கரை 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கற்களை எடுத்துச் செல்லத் தடை உள்ளது. ஒரே ஒரு கல் போனால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். குன்றில் பதிந்திருக்கும் கல், எந்த அடுக்கில் கிடந்தது, எத்திசையில் சாய்ந்தது, எக்கற்களோடு சேர்ந்திருந்தது என்பவற்றையும் சொல்லும். அலமாரியில் அழகுக்காக வைக்கப்பட்ட கல்லோ தன் நிறத்தை மட்டுமே காட்டும். இடத்தை இழந்த சாட்சி, பாதிச் சாட்சியே.

பிறந்த மலைகளின் பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. சுமந்த ஆறு இல்லை. நடந்து வந்த நிலத்தின்மேல் கடல் புகுந்துவிட்டது. இம்மூன்றும் இருந்தன என்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல் சான்றாக நிற்கிறது. அதன் சொல்லைக் கேட்பதற்குக் கூர்ந்த பார்வை மட்டும் போதாது. முதலில் தோன்றும் விடையை ஐயுற்றுப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். விக்காரி உடைத்த கல்லில் ஓர் ஓடு இருந்தது. அந்த ஓட்டின் ஊரைக் கேட்கத் தொடங்கியவர்கள், கடலுக்கு அடியில் ஒரு நாட்டையே கண்டார்கள்.

கற்பவை கற்றபின்

1. ஆற்றங்கரையிலோ கட்டுமானத்திற்குக் கொட்டப்பட்ட சரளைக் குவியலிலோ உள்ள பத்துக் கற்களின் நிறம், வடிவம், வழவழப்பு ஆகியவற்றைக் குறித்து, அவை கடந்து வந்த தொலைவு பற்றி ஊகித்து எழுதுக.

2. ‘சாயல் சான்றாகாது’ என்னும் பொருளில் வகுப்பறையில் உரையாடுக.