ரப்பர் பட்டைக்கு அடியில்

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர்தான் ஒரு மெக்கானிக்கிடம் என்னை அனுப்பிவைத்தார். சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, அதுதான் பட்டறை. ஆடி மாதம். கோயில் கச்சேரிகளிலிருந்து வந்த கீபோர்டுகள் சுவரோரம் நின்றன.

"பவரே வரலன்னு கொண்டாருவாங்க சார். கீபோர்ட நான் தொட மாட்டேன். மொதல்ல அடாப்டரக் குடுங்கன்னுவேன்" என்றார். யமஹா அடாப்டரின் முனையில் நடுவே பிளஸ். கேசியோவின் பழைய மாடல்களில் நடுவே மைனஸ். மேடை அவசரத்தில் ஒன்றை இன்னொன்றில் செருகிவிடுகிறார்கள். அடாப்டர் சரியாக இருந்தால் அடுத்து ஜாக்கைப் பார்க்கிறார். ஒயர் இழுபட்டு இழுபட்டு அங்கே சாலிடர் விட்டிருக்கும்.

அன்று மேஜையில் இருந்தது 61 கட்டை யமஹா. ஒரு கட்டை மட்டும் மெல்லத் தொட்டாலும் அலறியது. திருகுகளைக் கழற்றிப் பிரித்ததும் கட்டைகளுக்கு அடியில் சாம்பல் நிற ரப்பர் பட்டைகள். அவற்றின் உட்புறத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு கரிப் பொட்டுகள். கட்டையை அழுத்தும்போது ஒன்று முதலில் போர்டைத் தொடும், மற்றது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கழித்துத் தொடும். அந்த இடைவெளியை வைத்துத்தான் விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று கருவி கணக்கிடுகிறது. தூசியும் வியர்வையும் உள்ளே இறங்கினால் கணக்கு தப்பும். கட்டை ஊமையாகும், அல்லது கத்தும். வாசிப்பவனின் விரல் நயம் முழுவதும் இந்தக் கரிப் பொட்டுகளை நம்பியிருக்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பு.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு போர்டைத் துடைத்தார். கரிப் பொட்டின் மேல் பஞ்சு பட்டும் படாமலும் போனது. "தேச்சா கரியே வந்துரும் சார்." ஒரே ஒரு கட்டை பேசாவிட்டால் கோளாறு இங்கேதான் என்கிறார். ஒரே சீரான இடைவெளியில் பல கட்டைகள் செத்திருந்தால் ரப்பரைத் தொடாமல் ரிப்பன் கேபிளுக்கும் டயோடுகளுக்கும் போகிறார். ஐசி பற்றி அவர் சொன்னவை எனக்கு எட்டவில்லை.

இந்தத் தொழிலுக்கு அவர் டேப் ரிக்கார்டர் கடை எடுபிடியாக வந்தவர். 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 ஒன்று வந்தபோது, உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்ததால்தான் சேமித்த 32 ஒலிகளும் குழம்பின என்று தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். இப்படிப்பட்டவரின் பெயர் எந்த ரசீதிலும் கிடையாது. வாடிக்கையாளர் கருவியைக் கொடுப்பது பெரிய கடையில். கடை அதை இந்தச் சந்துக்கு அனுப்புகிறது. இங்கே பஞ்சால் துடைத்துச் சரியானது அங்கே "போர்டு மாற்றியது" என்று பில்லாகிறது. அதில் பாதிகூட இவருக்கு வருவதில்லை. உழைப்பைத் திருடுவதோடு நிற்கவில்லை இது. செய்யாத வேலைக்கு வாசிப்பவனிடம் பணம் பறிப்பதும்கூட. பழுது பார்த்தவரின் பெயரையும் செய்த வேலையையும் ரசீதில் எழுதித் தரும்படி கடையில் கேளுங்கள். தர மறுத்தால் கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே சந்துக்குப் போங்கள்.