மார்கழிப் பனியும் மணாலிப் பனியும்

மதுரையில் ஒரு குழந்தையிடம் "பனி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். மார்கழி விடியலில் புல்லில் இருக்கும் ஈரத்தைத்தான் காட்டும். கையில் அள்ளி எறியும் பனியெல்லாம் டிவியில் மட்டும்தான்! அண்ணா நகரில் ஒரு வீட்டில் ஏழு வயது அக்காவும் நாலு வயது தம்பியும் டிவியில் பனிச்சறுக்கு பார்த்துவிட்டு ஒரே அடம். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் தலைவலியே ஆரம்பம்.

இடம் மணாலி. அங்கிருந்து சுமார் 14 கி.மீ. தூரத்தில் சோலாங் பள்ளத்தாக்கு, சறுக்குவது அங்கேதான். சரி, எப்போது போவது?

நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதம். அப்போது சோலாங்கில் வெறும் புல்தான். பனி வேண்டுமென்றால் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய்க்கு ஏற வேண்டும். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். நாலு வயதுப் பிள்ளைக்குத் தலை வலித்தால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. சாப்பிடாது, சிணுங்கும், அவ்வளவுதான். வெறும் களைப்பு என்று பெரியவர்கள் விட்டுவிட்டால் ஆபத்து. உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

அரையாண்டு விடுமுறை? ரயிலில் டெல்லிக்கே கிட்டத்தட்ட இரண்டு நாள், அப்புறம் ஓர் இரவு முழுக்க மலைப்பாதையில் பஸ். போக வரவே விடுமுறையில் பாதிக்கு மேல் காலி. டிசம்பர் கடைசியில் சறுக்கும் அளவுக்குப் பனி விழுந்திருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. நம்பிப் போகலாம் என்றால் ஜனவரி, பிப்ரவரிதான். அப்போது பள்ளி திறந்திருக்குமே!

முதலில் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றாள் அம்மா. நல்ல யோசனை! கொடைக்கானலும் மணாலியும் ஏறக்குறைய ஒரே உயரம், 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. போனார்கள். மலைப்பாதையில் சின்னவன் இரண்டு தடவை வாந்தி. பருத்திச் சட்டை நனைந்து, காயாமல், நடுங்கிப் போனான். வீடு திரும்பியதும் திட்டம் மாறியது. டெல்லி வரை விமானம். இரவு பஸ் வேண்டாம். சண்டிகரில் ஓர் இரவு தங்கிவிட்டுப் பகலில் கார். உள்ளே கம்பளி, வெளியே நனையாத கோட்டு, இரண்டு ஜோடி கையுறை, வெயிலில் பனி கண்ணைக் கூசவைக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி. சின்னவனுக்குச் சறுக்குக் கட்டை அரை மணி நேரம் போதும், மீதி நேரம் பனியில் உருளட்டும்!

பொங்கல் லீவோடு சேர்த்துக் கிளம்பிவிடலாம் என்று அப்பா நாள் குறித்தார். அலங்காநல்லூர்ப் பக்கம் ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கு முகம் வாடிவிட்டது. வருஷத்தில் பேரப் பிள்ளைகள் வந்து தங்குவது அந்த நாலு நாள்தானே?

கடைசியில் அப்பத்தாதான் வழி சொன்னாள்: "பொங்கல முடிச்சிட்டுப் போங்கப்பா. ரெண்டாங்கிளாஸ் பாடம் ஒரு வாரத்துல எங்க ஓடிப் போகுது?"

பள்ளிக்கு லீவ் லெட்டர் எழுதியாகிவிட்டது. பயணப் பெட்டியில் முதலில் ஏறியது அப்பத்தா இடித்துக் கொடுத்த சுக்குமல்லிப் பொடி!