கறள்

உயர்தர இரசாயனவியலில் கறள் ஒரு சிறிய பகுதி. இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கறள் உண்டாகும். நீரில் உப்பு இருந்தால் அது மின்னை நன்கு கடத்தும். தாக்கம் இன்னும் விரைவாகும். கல்முனையில் கடலுக்கு அருகே வசிப்பவர்களுக்கு இதனை நிரூபிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியும் கேட்டும் சைக்கிளும் நாள்தோறும் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டே இருக்கின்றன.

எங்கள் பழைய காரும் அப்படித்தான். கடைக் கடனை அடைப்பதற்காக அதனை விற்க வாப்பா முடிவு செய்தார். முன்கதவில் ஒரு நெளிவு இருந்தது. கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருந்தது. கறள், தான் தின்ற இரும்பை விட அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் மேலே உள்ள பெயின்டைத் தூக்கிவிடுகிறது. கராஜில் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே ஆகஸ்ட் விடுமுறையில் வாப்பாவும் காக்காவும் நானும் வீட்டு முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினோம்.

நெளிவு இலகுவாக முடிந்தது. கதவின் உட்பலகையைக் கழற்றி, வெளியே ஓர் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடித்து, உள்ளிருந்து சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினோம். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு வேறிடத்தில் புடைத்துவிடும். சமமாகிவிட்டதா என்று அறியக் கண்ணை விட உள்ளங்கையே நம்பிக்கையானது.

கொப்புளத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கதவுக்குள் வடியும் மழைநீர் வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டிருந்தன. தேங்கிய நீர் பல வருடங்களாக உள்ளிருந்தே தகட்டைத் தின்றிருக்கிறது.

“பட்டி பூசி பெயின்ட் அடிச்சா ஒண்டும் தெரியாது வாப்பா. விக்கிற கார்தானே” என்றார் காக்கா.

அவர் சொன்னது உண்மைதான். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்புறம் ஓட்டையாக இருந்தால் சில மாதங்களில் கொப்புளம் திரும்பவும் வரும். அப்போது கார் இன்னொருவரிடம் இருக்கும்.

“வாங்குறவருக்கும் புள்ளகுட்டி இரிக்கும்தானே மகன்” என்றார் வாப்பா.

நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாங்கள் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அன்று அது எங்கள் முற்றத்துக்கே வந்து நின்றது.

கறள் பிடித்த பகுதியை வெட்டி அகற்றி, வெல்டிங் பாஸ் ஒருவரைக் கொண்டு புதுத் தகடு ஒட்டினோம். துளைகளைத் துப்புரவாக்கினோம். கதவின் உட்புறத்துக்கும் கறள் தடுப்புப் பெயின்ட் பூசினோம். 80ஆம் இலக்க சேண்ட் பேப்பரால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தது நான்தான். பிறகு மெல்லிய படையாகப் பட்டி, 180, 320 என மென்மையான தாள்கள், ப்ரைமர், கடைசியில் பெயின்ட். மொத்தம் 5 நாட்கள் சென்றன. அதில் பெயின்டுக்குப் பிடித்தது ஒரு பின்னேரம் மட்டுமே. மீதி எல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை.

வாங்க வந்தவரிடம், தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த ஓட்டையின் படத்தை வாப்பா தானாகவே காட்டினார். அவர் 20,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். வாப்பா சம்மதித்தார். காக்கா அன்று இஷா வரை எவருடனும் பேசவில்லை. கடனில் குறைந்த தொகையை வாப்பா இன்னும் சிறுகச் சிறுகக் கட்டி வருகிறார்.

அந்தப் பணம் போனதில் எனக்கும் கவலைதான். ஆனால் அந்தக் கார் எங்கள் தெருவால் போகும்போது வாப்பா தலையைத் திருப்பிக்கொள்வதில்லை. கை காட்டுகிறார்.