கோலிக்குண்டுகளின் அடியில்

ஜூன் 20, சனி இரவு

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. மும்பை குர்லா மீன்கடைகளில் ஏதோ வேற்று நாட்டு அலங்கார வஸ்துவைப் போல மின்னிக்கொண்டிருக்கும் வரிக்குதிரை மீன், உண்மையில் நம் நாட்டு ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் பிறந்து வளர்ந்து, 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற வைத்தியர் கங்கை மீன்களைக் குறித்து வெளியிட்ட நூலில் முதன்முதலாக சாஸ்திரப் பெயர் பெற்ற சுதேசி ஜீவன் என்பதை நினைக்கும்போதெல்லாம், அதை வெறுமனே வாங்கி வைத்துப் பார்ப்பதைவிடச் சந்ததி காணச் செய்வதே அதற்கு நாம் காட்டும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

கொசுப்புழு தின்று வயிறு பருத்த பெண்மீனையும், வரிகளுக்கிடையே பொன்னிறம் ஏறிய மெலிந்த ஆண்மீன்களையும், குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த, குழாயில் வரும் மோர்பே அணை நீரைச் சாண் உயரத்துக்கு ஊற்றிய சிறு தொட்டியில், நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்திருக்கிறேன். அடியில் கோலிக்குண்டுகள் பரப்பியாயிற்று. இம்மீனின் முட்டை எதிலும் ஒட்டாமல் அடியில் இறங்கிவிடும். கண்ணில் பட்டால் இட்ட மீன்களே அதைத் தின்றும் விடும். அதைக் குரூரம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓடையில் கூழாங்கல் இடுக்கு முட்டையை மறைத்துவிடுகிறது; நான்கு சுவருக்குள் அடைத்தவர்கள் நாமல்லவா?

ஜூன் 21, ஞாயிறு விடியல்

உதயகாலமே இவற்றுக்கு முகூர்த்தம். நாள்தோறும் 14 மணி நேர வெளிச்சமும் 10 மணி நேர இருளும் தவறாமல் கிடைத்தால், இருள் விலகிய முதல் நாழிகையில் முட்டையிடும். மேகம் கவிந்த எங்கள் நெருளில் சூரியனை நம்புவதற்கில்லை. விளக்கைப் போட்டுத் தடுப்பை உருவினேன். ஆண்மீன்கள் பெண்ணின் விலாவை முட்டித் துரத்தி, இணையாக நின்று ஒரு கணம் நடுங்க, மணற்பரல் போன்ற ஸ்படிகத் துளிகள் குண்டுகளின் இடுக்கில் மறைந்தன. பெரிய மீன்களை உடனே பழைய தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

ஜூன் 22, திங்கள்

வெளுத்த முட்டைகளைப் பூஞ்சை பிடிக்குமுன் சொட்டுக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தெளிந்தவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இதயம் துடிப்பது பிரத்தியட்சமாகத் தெரிகிறது! அமெரிக்காவில் ஓரிகன் சர்வகலாசாலையின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981-இல் இம்மீனைப் படியெடுத்துப் பிறப்பித்த செய்தியை வெளியிட்டதும், இன்று நம் கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை வளர்த்து ஆராய்வதும், கரு வளரும் விதத்தை மறைக்காமல் காட்டும் இந்தத் தெளிவினாலும்தான். வெப்பமானி 28 டிகிரி காட்டுகிறது. தனியாகச் சூடேற்ற வேண்டியதில்லை.

ஜூன் 26, வெள்ளி

பொரித்த குஞ்சுகள் மஞ்சட்கருவையே ஆகாரமாகக் கொண்டு கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தன. இன்று நீந்தத் தொடங்கிவிட்டன. பெரும்பாலோர் குஞ்சுகளைப் பறிகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். அவற்றின் வாய்க்குள் கடைத் தீனித்தூள் நுழையாது. மாட்டுங்காவில் வாங்கிய வாழையிலையின் சருகை முன்கூட்டியே ஊறவைத்ததில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன. அந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ஒரு வாரம் போனால், உப்புநீரில் அன்றன்று பொரிக்கும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால் குஞ்சுகளைக் கொடுக்கலாம்.

மூன்று மாதத்தில் இவையே சினைப் பருவம் எய்தும். கேட்கும் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பேன். ஆனால் சலித்துப்போனால் நெருள் ஏரியில் விட்டுவிடாமல், தொட்டி நோய் அங்குள்ள மீன்களுக்குத் தொற்றாதபடி, என்னிடமே திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்வேன்.